பிளஸ் டூ வேதியியல் விடைத்தாள் நகல்: ரூ.275 கட்டி வாங்கலாமா?

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் மூன்று வாய்ப்புகளைத் திறந்துவிடும்: விடைத்தாள் நகல், மறுகூட்டல் (கூட்டலை மட்டும் சரிபார்ப்பது), மறுமதிப்பீடு (விடைத்தாளையே மீண்டும் திருத்துவது). அண்மை ஆண்டுகளின் கட்டணப்படி வேதியியலுக்கு நகல் ரூ.275, மறுகூட்டல் ரூ.205, மறுமதிப்பீடு ரூ.505. முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: நகலுக்குக் கட்டும் 275 ரூபாய் வீண் போகாது. மறுமதிப்பீட்டுக்கான 505 ரூபாயை, நகலை வரிவரியாகப் பார்த்த பிறகு, குறிப்பிட்ட சில காரணங்கள் இருந்தால் மட்டும் கட்டுங்கள். வேதியியலில் மதிப்பெண் போகும் விதம் அப்படி. ஒரே இடத்தில் ஐந்து மதிப்பெண் போவது அரிது. பதினைந்து இடங்களில் அரை அரையாகப் போகும். அதைக் கண்ணால் பார்க்காமல் யாராலும் ஊகிக்க முடியாது.

அந்த அரை மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்பு? பொறியியல் கலந்தாய்வுக்கான 200 மதிப்பெண் கட்ஆஃபில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. வேதியியலில் ஒரு மதிப்பெண் போனால் கட்ஆஃபில் 0.5 போகிறது. போட்டி நெருக்கமாக இருக்கும் இடங்களில் 0.5-க்குள் பெரிய கூட்டமே நிற்கும். கட்ஆஃபை நம்பியிருக்கும் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

விண்ணப்பிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். முதல் சுற்றில் ஒரே பாடத்துக்கு நகலுக்கும் மறுகூட்டலுக்கும் சேர்த்து விண்ணப்பிக்க முடியாது. நகல் வாங்கியவர்கள், அது கைக்கு வந்த பிறகு, மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். நகல் வாங்காதவர்களுக்கு மறுமதிப்பீடு கிடையாது. “கூட்டலை மட்டும் பார்த்தால் போதும்” என்று அவசரத்தில் ரூ.205 கட்டியவர்கள் தங்கள் விடைத்தாளைப் பார்க்கும் வாய்ப்பையே இழந்துவிடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் நகல்தான் சரி. பள்ளி மாணவர்கள் தங்கள் பள்ளி வழியாகவும், தனித்தேர்வர்கள் தேர்வு எழுதிய மையம் வழியாகவும் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே தரும் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அதிலுள்ள விண்ணப்ப எண் இருந்தால்தான் இணையதளத்திலிருந்து நகலைப் பதிவிறக்க முடியும்.

நகலில் இருப்பது எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண் மட்டுமே. செய்முறையின் 20, அகமதிப்பீட்டின் 10 இரண்டும் இந்தச் சேவைக்குள் வராது.

நகலைத் திறக்கும் முன் மதிப்பீடு நடக்கும் விதம் தெரிய வேண்டும். “மார்க்கைக் குறைச்சுட்டாங்க” என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வோம். உண்மையில் திருத்துபவர் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கி ஏறிக்கொண்டே போகிறார். விடைக் குறிப்பில் ஒவ்வொரு வினாவும் படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் ½, 1 என்று மதிப்பெண் போடப்பட்டிருக்கும். அந்தப் படி விடைத்தாளில் இருந்தால் மதிப்பெண், இல்லையென்றால் இல்லை. ஆகவே மதிப்பெண் போன பெரும்பாலான இடங்களில் நீங்கள் தேட வேண்டியது எழுதப்படாத ஒரு சொல், ஒரு அலகு, அம்புக்குறியின் மேல் விட்டுப்போன ஒரு வெப்பநிலை. எழுதியது எல்லாம் சரியாகவே இருக்கும், மதிப்பெண் மட்டும் குறைந்திருக்கும். சமன் செய்யாத சமன்பாடு, அலகில்லாத விடை போன்ற இடங்களில்தான் ‘குறைப்பது’ என்ற சொல் பொருந்தும். அங்கே வழக்கமாக அரை மதிப்பெண் போகும். சி.பி.எஸ்.இ. விடைக் குறிப்புகளிலும் அலகு இல்லாவிட்டாலோ தவறாக இருந்தாலோ அரை மதிப்பெண் கழிக்கச் சொல்லும் குறிப்பைப் பார்க்கலாம். தவறான விடைக்கு எதிர்மதிப்பெண் இந்தத் தேர்வில் இல்லை.

இனி நகல்.

முதல் வேலை எண்ணுவது. பகுதி ஒன்றில் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள். பகுதி இரண்டில் ஒன்பதில் ஆறு, தலா 2. பகுதி மூன்றில் ஒன்பதில் ஆறு, தலா 3. பகுதி நான்கில் ஐந்து வினாக்கள், தலா 5, ஒவ்வொன்றிலும் ‘அல்லது’ உண்டு. 15, 12, 18, 25, ஆக 70. ஒவ்வொரு பக்கத்திலும் போடப்பட்ட மதிப்பெண்ணை ஒரு தாளில் வினா எண்ணோடு எழுதிக் கூட்டிப் பாருங்கள். பின்பக்கத்தில் தொடர்ந்த விடைக்கு மதிப்பெண் விழுந்திருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். ஐந்து மதிப்பெண் விடையின் கடைசி நான்கு வரிகள் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தால் கவனம் தவற வாய்ப்புள்ள இடம் அது.

அடுத்து 24, 33 ஆகிய எண் கொண்ட வினாக்கள். இந்த இரண்டும் கட்டாய வினாக்கள். 24-ஐ விட்டுவிட்டு 16 முதல் 23 வரை ஆறு விடை எழுதியிருந்தாலும் ஐந்துதான் கணக்கில் வரும். இரண்டு மதிப்பெண் அங்கேயே போய்விட்டது, மறுமதிப்பீட்டில் அது திரும்பாது. ‘ஆறு எழுதினேன், ஐந்துக்குத்தான் போட்டிருக்கிறார்கள்’ என்று தோன்றும் இடங்களில் முதலில் இதைச் சரிபாருங்கள்.

ஒரு மதிப்பெண் வினாக்களில் குறியீடும் விடையும் சேர்த்து எழுதச் சொல்லித்தான் வினாத்தாளே கேட்கிறது. ‘ஆ’ என்று போட்டுவிட்டு ‘இ’-க்கு உரிய விடையை எழுதியிருந்தால் பூஜ்ஜியம்தான். விடை தெரிந்தும் மதிப்பெண் போகும் இடங்களில் மிகவும் வருத்தமானது இதுதான்.

கணக்குகளுக்கு வருவோம். டேனியல் மின்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாமிர மின்முனையின் திட்ட மின்னழுத்தம் +0.34 வோல்ட், துத்தநாகத்தினது −0.76 வோல்ட். திட்ட கட்டிலா ஆற்றல் மாற்றத்தைக் காண வேண்டும். கேத்தோடிலிருந்து ஆனோடைக் கழிக்க வேண்டும்: 0.34 − (−0.76) = 1.10 வோல்ட். இடம்பெயரும் எலக்ட்ரான்கள் 2, ஃபாரடே மாறிலி 96500. மூன்றையும் பெருக்கி எதிர்க்குறி போட்டால் −212300 ஜூல், அதாவது −212.3 கிலோஜூல். இந்தச் சின்னக் கணக்கில் சறுக்கும் இடங்கள் நான்கு.

முதலாவது, கழித்தல் குறிக்குள் இருக்கும் கழித்தல் குறி. அடைப்புக்குறி போடாமல் 0.34 − 0.76 என்று எழுதினால் −0.42 வரும். அதைக் கொண்டு போனால் கட்டிலா ஆற்றல் +81.06 கிலோஜூல் ஆகும். நேர்க்குறி வந்தால் வினை தானாக நிகழாது என்று பொருள். டேனியல் மின்கலம் வேலை செய்கிறது என்பது வினாவிலேயே இருக்கிறது. இரண்டாவது, எலக்ட்ரான் எண்ணிக்கையை 1 என்று எடுப்பது. மூன்றாவது, வாய்பாட்டில் எதிர்க்குறி எழுதிவிட்டுக் கடைசி விடையில் அதை மறப்பது. நான்காவது, 212.3 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஜூல் என்று எழுதுவது. கிலோ என்ற சொல் விட்டுப்போனால் விடை ஆயிரம் மடங்கு தவறு.

இதில் எந்தத் தவறு செய்தாலும் வாய்பாட்டுக்கு உரிய மதிப்பெண் நிற்க வேண்டும், அதைத்தான் நகலில் பார்க்க வேண்டும். வாய்பாடு சரியாக எழுதியும் முழு விடைக்கும் பூஜ்ஜியம் போட்டிருந்தால் மறுமதிப்பீடு கேட்க நியாயம் இருக்கிறது. முதல் படியில் எண் தவறி, அந்தத் தவறான எண்ணை வைத்து அடுத்த படிகளைச் சரியாகச் செய்திருந்தால் என்ன? பிரிட்டன் தேர்வு வாரியங்களின் மதிப்பீட்டுக் குறிப்புகளில் ‘தொடர்ந்து வரும் பிழை’ என்று இதற்குத் தனி விதியே உண்டு: ஒரு தவறுக்கு ஒருமுறைதான் தண்டனை. நம் விடைக் குறிப்புகளிலும் அதை ஒரு வரியாக எழுதிவைத்தால் மாணவருக்கும் திருத்துபவருக்கும் தெளிவு கிடைக்கும்.

வினைவேக மாறிலியின் அலகு தனிக் கதை. பூஜ்ஜிய வகை வினைக்கு மோல் லிட்டர்⁻¹ வினாடி⁻¹, முதல் வகைக்கு வினாடி⁻¹, இரண்டாம் வகைக்கு மோல்⁻¹ லிட்டர் வினாடி⁻¹. வினாவில் காலம் நிமிடத்தில் இருந்தால் அலகும் நிமிடம்⁻¹. பழக்கதோஷத்தில் வினாடி⁻¹ என்று எழுதினால் எண் சரி, விடை தவறு. 0.0693 நிமிடம்⁻¹ என்று மாறிலி தரப்பட்டால் அரை வாழ்வு காலம் 10 நிமிடம். ‘10’ என்று மட்டும் எழுதி அடிக்கோடிட்டால் அந்த அரை மதிப்பெண் வராது. முதல் வகை வினை 99.9% நிறைவடைய ஆகும் காலம் அரை வாழ்வைப் போல ஏறத்தாழ 10 மடங்கு என்று நிறுவும் வினாவில், மடக்கை 1000-க்கு 3 என்ற படியை மனத்துக்குள் போட்டுவிட்டு நேராக 6.909 என்று எழுதுகிறார்கள். 2.303 × 3 என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் படிக்கு உரியது உறுதியாகக் கிடைக்கும். நிறுவச் சொன்ன வினாவில் விடை வினாவிலேயே இருக்கிறது. மதிப்பெண் முழுக்கப் படிகளுக்குத்தான்.

எல்லாவற்றுக்கும் அலகு போட்டுவிடுவதும் ஆபத்து. 0.001 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் மதிப்பு 3, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் ‘மோலார்’ என்று எழுதினால், பிஎச் என்றால் என்னவென்றே தெரியவில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

மதிப்பெண் அதிகம் கசிவது கரிம வேதியியலில். திருத்துபவர் அம்புக்குறியின் மேலும் கீழும்தான் பார்க்கிறார், காரணம் இல்லாமல் இல்லை. எத்தனாலுடன் அடர் கந்தக அமிலம் சேர்த்து 443 கெல்வினில் சூடேற்றினால் ஈத்தீன். அதே இரண்டும் 413 கெல்வினில் என்றால் டைஎத்தில் ஈதர். 30 டிகிரி வித்தியாசத்தில் விளைபொருளே மாறிவிடுகிறது. வெப்பநிலை எழுதாத சமன்பாடு, எந்த வினை என்றே சொல்லாத சமன்பாடு. அமில குளோரைடை ஆல்டிஹைடாக்கும் ரோசன்முண்ட் ஒடுக்கத்தில் ‘பல்லேடியம்’ என்று மட்டும் எழுதி பேரியம் சல்பேட்டை விட்டுவிடுவார்கள். அந்தப் பேரியம் சல்பேட்தான் வினையூக்கியின் வேகத்தைக் கட்டுப்படுத்தி வினையை ஆல்டிஹைடோடு நிறுத்துகிறது. அது இல்லையென்றால் ஆல்டிஹைடு மேலும் ஒடுங்கி ஆல்கஹால் ஆகிவிடும். ஆகவே அது அலங்காரச் சொல் இல்லை, வினையே அதில்தான் இருக்கிறது. அனிலீனை டையசோ ஆக்கும் வினையில் 273–278 கெல்வின் எழுத வேண்டும், சூடேறினால் டையசோனியம் உப்பு நீரோடு சேர்ந்து பீனாலாகச் சிதைந்துவிடும் என்பதால்.

‘அடர்’, ‘நீர்த்த’ என்ற இரண்டு சொற்களும் அப்படியே. அசிட்டால்டிஹைடோடு நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு சேர்ந்தால் ஆல்டால் குறுக்கம். ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லாத ஃபார்மால்டிஹைடோடு அடர் காரம் சேர்ந்தால் கன்னிசாரோ வினை. கன்னிசாரோவில் இரண்டு மூலக்கூறு ஃபார்மால்டிஹைடு வேண்டும். ஒன்று ஒடுங்கி மெத்தனாலாகும், மற்றது ஆக்சிஜனேற்றம் அடைந்து சோடியம் ஃபார்மேட்டாகும். முன்னால் ‘2’ போடாவிட்டால் சமன்பாடு மட்டுமா கெடுகிறது? வினையின் கருத்தே காணாமல் போகிறது.

கனிம வேதியியலிலும் இதே வம்பு. தாமிரம் நீர்த்த நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரிந்தால் நைட்ரிக் ஆக்சைடு, அடர் அமிலத்தோடு என்றால் நைட்ரஜன் டைஆக்சைடு. நீர்த்த அமில வினையைச் சமன் செய்யும் எண்கள் 3, 8, 3, 2, 4: மூன்று தாமிரம், எட்டு நைட்ரிக் அமிலம், மூன்று தாமிர நைட்ரேட், இரண்டு நைட்ரிக் ஆக்சைடு, நான்கு நீர். அடர் அமிலத்துக்கு 1, 4, 1, 2, 2. வாயுவை மாற்றிவிட்டுப் பழைய எண்களையே வைத்தால் ஆக்சிஜன் அணுக்களை எண்ணும்போதே பிடிபட்டுவிடும்.

படம் வரையும் இடத்தில் ஒன்று. அறுகோணத்துக்குள் வட்டமோ மூன்று இரட்டைப் பிணைப்போ போடாமல் விட்டால் அது பென்சீன் இல்லை, வளையஹெக்சேன். அவசரத்தில் பாதிப் பக்கத்துக்கு இப்படி வெறும் அறுகோணமாகப் போட்டுத் தள்ளினால், பீனால் எல்லாம் வளையஹெக்சனாலாகிவிடும்.

தமிழ் வழியில் எழுதும் மாணவர்களுக்கு இன்னொரு வலை இருக்கிறது. ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் மூன்றும் மூன்று வெவ்வேறு சேர்மங்கள். வித்தியாசம் ஒரு கொம்பு, ஒரு சுழி. சல்பைடு, சல்பைட், சல்பேட் அப்படியே. நைட்ரைட், நைட்ரேட் அப்படியே. வேகமாக எழுதும்போது கொம்பு சரியாக விழாவிட்டால், திருத்துபவர் உங்கள் மனத்தில் இருந்ததைப் படிக்க முடியாது. பெயரோடு வாய்பாட்டையும் சேர்த்து எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் வராது. குறியீட்டிலும் கவனம் வேண்டும்: கோபால்ட்டின் குறியீட்டில் இரண்டாவது எழுத்தைப் பெரிதாக எழுதினால் அது கார்பன் மோனாக்சைடு. அணைவுச் சேர்மங்களில் இரண்டுமே அடிக்கடி வரும் என்பதால் இது உண்மையிலேயே குழப்பும். அங்கே பெயரிடுதலில் எதிர்மின் அணைவு என்றால் உலோகப் பெயர் ‘ஏட்’ என்று முடிய வேண்டும். ஹெக்சாசயனிடோஃபெர்ரேட் சரி, ஹெக்சாசயனிடோஅயர்ன் தவறு. அடைப்புக்குறிக்குள் ஆக்சிஜனேற்ற எண் ரோமன் எண்ணில் வேண்டும். அயனி என்றால் சதுர அடைப்புக்கு வெளியே மின்சுமை வேண்டும்.

வரையறைகளில் ஒரே ஒரு சொல் மதிப்பெண்ணைத் தாங்கும். கோல்ராஷ் விதியில் ‘அளவிலா நீர்த்தலில்’. தாங்கல் கரைசலில் ‘சிறிதளவு’ அமிலமோ காரமோ. அரை வாழ்வு காலத்தில் ‘துவக்கச் செறிவில்’ பாதி. சொந்த நடையில் எழுதலாம், தடையில்லை. இந்தச் சொற்களை விட்டுவிட்டால் வாக்கியம் பொய்யாகிவிடும், எவ்வளவு வாதாடினாலும் மதிப்பெண் ஏறாது.

ஆகவே எப்போது ரூ.505 கட்டலாம்? எழுதிய விடைக்கு மதிப்பெண்ணே போடாமல் விட்டிருந்தால் கட்டலாம். சரியான வாய்பாடும் பிரதியிடலும் இருந்தும் படி மதிப்பெண் வராமல் இருந்தால் கட்டலாம். பாடநூலில் உள்ள வேறொரு தயாரிப்பு முறையை எழுதி, அது விடைக் குறிப்பில் இல்லை என்பதற்காகத் தள்ளப்பட்டிருந்தால் கட்டாயம் கட்டலாம். எல்லா மதிப்பெண்ணும் போட்டிருக்கிறார்கள், கூட்டல்தான் தவறு என்றால் ரூ.205 போதும். அலகு, சமன்பாடு, வெப்பநிலை, விட்டுப்போன சொல் என்று நகலில் தெரிந்தால் கட்ட வேண்டாம். வேறொருவர் திருத்தினாலும் அதே அரைதான் போகும். மறுமதிப்பீட்டில் முழு விடைத்தாளையும் புதிதாகப் பார்ப்பார்கள். தாராளமாகப் போட்டிருக்கும் இடங்களும் உங்கள் தாளில் இருக்கலாம், அதையும் எண்ணிப்பார்த்து முடிவெடுங்கள்.

இந்தச் சேவையில் எங்களுக்கு இரண்டு பெரிய குறைகள். நகலோடு விடைக் குறிப்பு சேர்ந்து வருவதில்லை. படிவாரியான பங்கீடு தெரியாமல் வெறும் ‘2½’ என்ற எண்ணைப் பார்த்து மாணவர் என்ன செய்வார்? உங்கள் வேதியியல் ஆசிரியரிடம் விடைக் குறிப்பைக் கேட்டு வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அப்போதுதான் கொடுத்த 275 ரூபாய்க்குப் பயன். இரண்டாவது, அவகாசம் மிகக் குறைவு. நகலைப் பதிவிறக்கிய சில நாள்களுக்குள் அடுத்த விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும். கல்லூரி விண்ணப்பங்களுக்கு நடுவே கிராமத்துப் பிள்ளை ஒன்று பள்ளிக்கும் கணினி மையத்துக்கும் அலைந்து, ஆசிரியரைத் தேடிப்பிடித்து முடிவெடுக்க இது போதாது. இன்னும் ஒரு வாரம் கொடுத்தால் யாருக்கும் நட்டமில்லை. சிறிய குறை ஒன்றும் உண்டு: பென்சிலில் மெல்லிசாக வரைந்த படங்கள் ஸ்கேனில் மங்கிப்போகலாம். அதை வைத்து ‘படத்தைப் பார்க்கவே இல்லை’ என்று முடிவு கட்ட வேண்டாம்.

பிளஸ் ஒன் முடித்துப் பிளஸ் டூ போகும் தம்பி தங்கை வீட்டில் இருந்தால் இந்த நகலை அவர்களிடம் கொடுங்கள். ஒவ்வொரு அரை மதிப்பெண் போன இடத்திலும் என்ன விட்டுப்போனது என்று சிவப்பு மையில் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதிரித் தேர்வு எழுதுவதைவிட அதில் கிடைப்பது அதிகம்.

மறுமதிப்பீட்டுக்குக் கட்டியவர்களுக்கு: மதிப்பெண் மாறிய பதிவெண்களின் பட்டியலைத்தான் இணையதளத்தில் வெளியிடுவார்கள். அதில் உங்கள் எண் இல்லையென்றால் மாற்றம் இல்லை. இருந்தால் திருத்திய மதிப்பெண் பட்டியலைப் பதிவிறக்கி, கலந்தாய்வுக்கு விண்ணப்பித்த இடத்தில் புதிய மதிப்பெண் ஏறியிருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.